தோட்டத்து வீட்டில் திருடன் புகுந்தால் அடிக்கலாமா?

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். பல்லடம் பக்கத்திலும் ஈரோடு மாவட்டச் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு தூக்கமே இல்லை என்கிறீர்கள். வேலியில் கரண்ட் விடலாமா, திருடனை அடித்தால் நம் மேல் கேஸ் வருமா, துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலிக் கரண்ட் வேண்டவே வேண்டாம். பீகாரில் செருபின் கிரிகரி என்பவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறைக்கு வருவதைத் தடுக்க வெறும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினார். ஒரு பெண் இறந்துபோனார். தற்காப்பு என்ற அவருடைய வாதத்தை 1963-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனை உறுதியானது. வருவது திருடனா, ஆட்டைத் தேடி வரும் பிள்ளையா என்று கம்பிக்குத் தெரியாது.

அடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயந்து திருப்பித் தாக்கும்போது எதிராளி இறந்தாலும் அது குற்றமாகாது. கொள்ளையடிக்க வந்தாலோ, இருட்டிய பிறகு வீட்டை உடைத்து நுழைந்தாலோ, வீட்டுக்குத் தீ வைத்தாலோ அப்படியே. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. மோட்டார் ஒயரையோ தேங்காயையோ திருட வந்தவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம். அதற்காக உயிரை எடுக்க முடியாது.

நல்ல மனிதர்கள் பலர் மாட்டிக்கொள்வது, பிடிபட்டவனை மரத்தில் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிக்கும்போதுதான். கை கால் கட்டப்பட்டவனால் உங்களுக்கு என்ன ஆபத்து? அந்த அடியில் அவன் செத்தால் அது கொலை வழக்கு. தயவுசெய்து இதை உங்கள் தோட்டத்து ஆட்களிடமும் சொல்லிவையுங்கள்.

சரி, கேஸ் வருமா? பெரும்பாலும் வழக்குப் பதிவாகும். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையதே. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது அதுதான் என்று காட்டினால் போதும். பதற்றத்தில் விழுந்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. உடனே போலீசுக்குச் சொல்லுங்கள், இடத்தைக் கழுவாதீர்கள், உங்கள் காயத்தை அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். அடிபட்டவனுக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

துப்பாக்கிக்கு உங்கள் ஊரில் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுராத்திரி விழித்தெழும் பெரியவர் பீரோவைத் திறந்து குண்டு போடுவதற்குள் அது திருடன் கைக்குப் போய்விடும். அந்தப் பணத்தில் கிரில் கதவும் கேமராவும் போடுங்கள், ஒரு நாயும் வளருங்கள். அப்புறம் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டாம், தாழ்ப்பாளைப் போட்டபடியே 100-க்குப் போன் செய்யட்டும்.