கேளுங்க, சொல்றேன்: படிச்சிட்டு வந்தா உக்கார எடம் இருக்கா?

கேள்வி: சார், வெளிநாட்டு யூனிவர்சிட்டிங்களோட கைகோத்து ஏழை நாடுகள்ல இருந்து வருஷா வருஷம் ஆளுங்கள பிஎச்டிக்கு அனுப்புறாங்க, ஆனா அந்த நாடுகள்ல ஹெல்த் ரிசர்ச் ஏன் இன்னும் அப்படியே இருக்கு?

பதில்: ஆளை அனுப்புறாங்க சரி, திரும்பி வந்து அவர் எங்க உக்காருவார்னு யாரும் கேக்கறதில்லயே. அங்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்ல சாம்பிள் வச்சுப் பழகினவரு, இங்க வந்தா கரண்ட் போனா ஜெனரேட்டர் போட ஆள் இருக்காது, ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்கு வேண்டிய கெமிக்கல், ஆர்டர் போட்டா கஸ்டம்ஸ்ல கெடந்து ஐஸ் உருகின டப்பாவா வந்து சேரும், இதுக்கு நடுவுல வாரம் பூரா கிளாஸ் எடுன்னு டைம்டேபிளயும் கையில திணிச்சிடுவாங்க. ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இருப்பார், அப்புறம் திரும்ப அங்கயே வர்றேன்னு வெளிநாட்டுல இருக்குற பழைய கைடுக்கு மெயில் போடுவார். அவரத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

இதுக்குத்தான் சாண்ட்விச் பிஎச்டின்னு ஒண்ணு, பேரக் கேட்டு சிரிக்காதீங்க. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல இருக்குற கரோலின்ஸ்கா மெடிக்கல் யூனிவர்சிட்டியும் உகாண்டாவுல இருக்குற மக்கெரெரே யூனிவர்சிட்டியும் 2000 வாக்குல இருந்து செஞ்சது இதான். நோயாளிங்க, ஃபீல்டு வேலை எல்லாம் உகாண்டாவுல, நடுநடுவுல கொஞ்ச மாசம் ஸ்டாக்ஹோம்ல, ரெண்டு பக்கமும் கைடு உண்டு. இதுல மாணவர் மட்டும் இல்லீங்க, உள்ளூர் கைடும் எப்படி கைட் பண்றதுன்னு கத்துக்கிறார், அடுத்த பேட்சுக்கு அவர் இருக்கார்ல.

2008ல ஆரம்பிச்ச கார்ட்டான்னு ஆப்பிரிக்காவுல ஆராய்ச்சிப் பயிற்சி குடுக்குற கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, அது இன்னும் ஒரு படி மேல. கென்யாவோட நைரோபில இருக்குற ஏபிஹெச்ஆர்சிங்கிற ஆராய்ச்சி நிறுவனமும் தென்னாப்பிரிக்காவோட விட்ஸ் யூனிவர்சிட்டியும் முன்ன நிக்க, ஆப்பிரிக்க யூனிவர்சிட்டி டீச்சர்ங்க அவங்கவங்க கண்டத்துலயே பிஎச்டி பதிஞ்சுக்கிறாங்க, நாலு தடவ ஒண்ணா கூட்டி செமினார் நடத்துறாங்க. லைப்ரரியன், கணக்கு பாக்குறவங்க, ஆபீஸ் ஸ்டாஃப் இவங்களுக்கும் ட்ரெய்னிங் உண்டு. கணக்குப் பிள்ளைக்கு எதுக்குன்னு கேப்பீங்க, கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்கு வர்ற நிதி, அதோட கணக்க ஒழுங்கா முடிச்சுக் குடுக்கலன்னா அடுத்த தவணைப் பணமே வராது, எவ்வளவு பெரிய விஞ்ஞானியா இருந்தாலும் கையக் கட்டிட்டு உக்கார வேண்டியதுதான்.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன், மூணு நாலு வருஷம் லீவு கெடைக்காது. ஷார்ட் கோர்ஸ் பிரயோஜனப்படுமா?

பதில்: சர்டிஃபிகேட்டோட முடியுறது வேண்டாம்மா. 2009ல ஆரம்பிச்ச சார்ட் இட்னு ஒரு கோர்ஸ் இருக்கு, இப்போ உலக சுகாதார நிறுவனத்துல இருந்து நடக்குற டிடிஆர்ங்கிற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம் அத கூட்டிச் சேத்து நடத்துது. உங்க ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல தூங்குற டேட்டாவே போதும், அதுல ஒரு கேள்விய எடுத்து புரோட்டோகால், அதாவது ஆராய்ச்சித் திட்டம், எழுதி, டேட்டா அலசி, பேப்பரா எழுதணும். கோர்ஸ மாட்யூல் மாட்யூலா பிரிச்சு நடத்துறாங்க, கடைசி மாட்யூல் முடிஞ்சு நாலு வாரத்துக்குள்ள ஜர்னலுக்கு அனுப்பியாகணும், நடுவுல ஒரு கெடு தவறினாலும் அடுத்த மாட்யூலுக்குக் கூப்பிட மாட்டாங்க. கறார்தான், அதனாலதான் வேலை நடக்குது.

கேள்வி: வெளிநாட்டு டீமோட சேந்து ஒரு ஆராய்ச்சி செஞ்சோம், டேட்டா எடுத்தது பூரா நாங்க, பேப்பர்ல என் பேரு பதினோராவதா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: அனுபவிச்சவன் சொல்றேன், பேப்பர் எழுதினப்புறம் கேட்டா சண்டைதான் மிஞ்சும். முதல் பேரு யாரு, கடைசிப் பேரு யாரு (அது வழக்கமா தலைமை ஏத்தவரோட எடம்), சாம்பிளும் டேட்டாவும் யார் கையில இருக்கும், இத மூணையும் முதல் சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிடுங்க. தயங்குனாங்கன்னா அப்பவே புரிஞ்சுக்கலாம், உங்களுக்கு சாம்பிள் எடுக்குற வேலை மட்டும்தான் வச்சிருக்காங்கன்னு.