துண்டுப் பிரசுரத்தின் கடைசி வரி

கேள்வி: கடந்த பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் போட்டியிட்ட ஒரு தமிழ்ப் பெண் வேட்பாளரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி, வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்னர் எங்கள் தொடர்மாடியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். கொண்டுவந்தவர் எங்களுக்குப் பழக்கமானவர்தான். அதே செய்தி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் வந்தது. நானும் தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். பொதுவாழ்வுக்கு வருகிறவரின் நடத்தையை அறிய வாக்காளருக்கு உரிமை இல்லையா? நெருப்பில்லாமல் புகையுமா? உங்கள் சஞ்சிகை இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது ஏன்? பிரதியை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியை வரி வரியாக வாசித்தேன். தேர்தல் பிரசுரம் என்றால் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இதில் இரண்டும் இல்லை. வெளியிட்டவர்கள் ‘மானமுள்ள தமிழ்த் தாய்மார்’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பெண் கணவரை ஏன் பிரிந்தார், இரவில் யாருடைய வாகனத்தில் வீடு திரும்புகிறார், மகள் ஏன் பாட்டி வீட்டில் வளர்கிறாள் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போகிறவர், இதைக் கண்டவர் யார், எங்கே கண்டார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ‘ஊரறிந்த விடயம்’ என்று முடித்துவிடுகிறார்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? ‘வழமைபோல நமது கட்சிக்கே வாக்களியுங்கள், விருப்பு வாக்கை மட்டும் சிந்தித்து அளியுங்கள்.’ மாற்றுக் கட்சிக்காரர் எவராவது இப்படி எழுதுவாரா, சகோதரி? அந்தப் பெண்ணுடன் ஒரே மேடையில் நின்று, ஒரே தலைவரின் படத்தைப் போட்டு வாக்குக் கேட்ட ஒருவரின் கைவேலை இது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இருந்து நாம் கட்சிக்கு ஒரு புள்ளடியும், அந்தக் கட்சியின் பட்டியலில் உள்ளவர்களுக்கு மூன்று விருப்பு வாக்குகள் வரையும் அளித்து வருகிறோம். 2024 தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் 21 பேரை நிறுத்தியது. கட்சிக்கு எத்தனை ஆசனம் கிடைத்தாலும் அதில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்குதான் தீர்மானிக்கும்; அதற்காக அந்த 21 பேரும் தங்களுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். விஞ்ஞாபனம் ஒன்று, சின்னம் ஒன்று, வாக்குறுதிகளும் ஒன்றே. பக்கத்தில் நிற்பவரைவிடத் தான் எந்தக் கொள்கையில் சிறந்தவர் என்று ஒருவரால் சொல்ல முடியாது. கொள்கையில் மோத வழியில்லாதவர்களில் சிலர் சக வேட்பாளரின் படுக்கையறைக்குள் புகுந்துவிடுகிறார்கள். கொழும்பிலே தமிழ் வாக்குகள் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று குறுகிய வட்டத்துக்குள் இருக்கின்றன. கோயிலில் காண்கிறவரைத்தான் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் காண்கிறோம். இங்கே ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் அது காலையில் தொடங்கி மாலைக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டில் அது புகைந்ததை நாம் கண்ணால் கண்டோம். 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் ஊரே பதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சிங்கள நாளிதழ் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாளே குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஆனாலும் அந்த மனிதர் நிலுவைச் சம்பளத்தைக் கையில் பெற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்க அவர் நன்கொடையாகக் கொடுத்தார். அவரைத் தூற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

நம்மவர் மத்தியிலும் நடந்திருக்கிறது. 2013 செப்டெம்பர் 21, வடமாகாண சபைத் தேர்தல் நாள். யாழ்ப்பாணத்தில் விடியும்போது ‘உதயன்’ பத்திரிகையின் பெயரில் ஒரு போலிப் பதிப்பு உலாவியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டார் என்பது அதன் செய்தி. அதற்கு முந்தைய தினம்தான் அவருடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. வாக்காளர்கள் ஏமாறவில்லை. மாவட்டத்தில் இரண்டாவது அதிக விருப்பு வாக்குகள் அவருக்கே கிடைத்தன. அந்த மக்களை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன். அன்று அவர்களுக்கு இருந்த நிதானம் நமக்கு ஏன் இல்லாமல் போனது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதே பட்டியலில் இருந்த ஆண்களில் எவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றியாவது உங்கள் தொடர்மாடிக்குப் பிரசுரம் வந்ததா? 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவையே ‘அழும் விதவை’ என்றுதான் எள்ளினார்கள். ஆணாக இருந்தால் அவன் திருடினானா என்று கேட்கிறோம். பெண்ணாக இருந்தால் யாரோடு போனாள் என்று கேட்கிறோம். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் இன்றைக்கும் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகுதியுள்ள ஒரு ஆசிரியையிடமோ சட்டத்தரணியிடமோ வேட்பாளராக வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். தோற்பதற்கு அவர்கள் அஞ்சுவதில்லை. பிள்ளை பாடசாலையில் என்ன கேட்க நேருமோ என்றுதான் அஞ்சுகிறார்கள்.

அறியும் உரிமை உங்களுக்கு நிச்சயமாக உண்டு. வேட்பாளரின் சொத்து, கடன், அவருடைய உறவினருக்குக் கிடைத்த ஒப்பந்தம், பதவியில் இருந்தபோது எந்தச் சட்டத்துக்குக் கையை உயர்த்தினார் என்பதெல்லாம் உங்களுடைய விடயங்கள். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் சொத்துப் பிரகடனங்களை இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஒரு வேட்பாளர் மனைவியை அடித்து, அது பொலிஸ் முறைப்பாடாகப் பதிவாகியிருந்தால் அதையும் எழுதுவோம்; அது குற்றம். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வது குற்றமில்லை. அந்தச் சிறுமி எந்த வீட்டில் வளர்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கும் எனக்கும் எந்த உரிமையும் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய்யான கூற்றை வெளியிடுவது 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில் ஊழல் செயல். ஆனால் தேர்தல் மனு என்பது முடிவு வர்த்தமானியில் வெளியான பின்னர் 21 நாட்களுக்குள் போடுவது. அதற்குள் வாக்கு எண்ணி முடிந்துவிடும். அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. அவற்றை மீண்டும் கொண்டுவரச் சொல்லி நான் ஒருபோதும் எழுதமாட்டேன். அவை பத்திரிகையாளரை மிரட்டத்தான் பயன்பட்டன. ஆகவே இந்தக் காரியத்தில் தடுப்பு வாசகரின் விரல் நுனியில்தான் இருக்கிறது. உங்கள் விரல் அன்று அந்தக் குரல் பதிவை அனுப்பியது. யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கே, ‘ஆதாரம் இல்லாததை அனுப்பிவிட்டேன்’ என்று இன்று ஒரு வரி எழுதுங்கள்.

பிரசுரத்தை நாங்கள் வெளியிடப்போவதில்லை. அதைக் கொண்டுவந்தவர் பழக்கமானவர் என்கிறீர்கள். யார் அச்சிட்டது, செலவை யார் கொடுத்தது என்று அவரிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அதைத் தேடிப்போய் விசாரித்து, பெயரோடு எழுத நாங்கள் தயாராக இருக்கிறோம்.