கிரவுன் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2014 பொலேரோ. 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின் கிரவுன் ஆயிலை இதுவரை மாற்றியதாக எந்த பில்லிலும் இல்லை. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து 'ஊய்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. ஆயிலை நானே மாற்றலாமா? கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஆயில் கொஞ்சம் மீதி இருக்கிறது, அதையே ஊற்றலாமா? - தருமபுரி வாசகர்

தாராளமாக நீங்களே மாற்றலாம். கிரவுன் என்பது பின் ஆக்சிலின் நடுவில், சக்கரங்களைச் சுற்ற வைக்கும் பற்சக்கரங்கள் இருக்கும் பகுதி. ஃபில்டர் கிடையாது, கழற்ற வேண்டியது இரண்டே பிளக். பொலேரோ உயரமான வண்டி என்பதால் ஜாக்கி போடாமலே அடியில் படுத்து வேலை செய்துவிடலாம். நான் வீட்டில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பழைய ஆயில் நேராக டிரம்முக்குப் போய்விடும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். சத்தம் வருகிற வண்டியில் அந்த ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் மீதி ஆயில் விஷயம். பாட்டிலில் ஜி.எல்-4 என்று (கியர் ஆயிலின் தரக் குறியீடு) போட்டிருந்தால் அதைக் கிரவுனுக்கு ஊற்றாதீர்கள். கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் மையத்துக்கு நேராக, அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியன் இருக்காது, சற்றுக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுற்றும்போதே பலமாக அழுத்தி வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசும். அதைத் தடுக்கத்தான் ஜி.எல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் வரும் அந்தக் கெட்ட வாடை கந்தகத்தால் வருவது. ஜி.எல்-5 உசத்தி என்று நினைத்து ஜி.எல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றுவதும் தவறு, உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 போன்ற கெட்டித்தன்மைக் கிரேடையும் அளவையும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் குறையலாம், தேய்மானம் தொடரும். இதைப் படிக்கும் தார், பொலேரோ நியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில மாடல்களில் தானாக லாக் ஆகும் டிஃபரன்ஷியல் (கிரவுனுக்குள் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் அமைப்பு) வருகிறது. அதற்குக் கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் இளஞ்சூடானால்தான் அடியில் படிந்ததையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். உயரம் குறைந்த வண்டி வைத்திருப்பவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வைத்தாலும் முன்னும் பின்னும் சமமாகத் தூக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் மட்டம் தப்பாகக் காட்டும்.

இப்போது முக்கியமான இடம். மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் திறக்காத பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலையெல்லாம் வடித்த பிறகு மேல் பிளக் அசையவில்லை என்றால் வண்டி அப்படியே நின்றுவிடும், ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப்போக முடியாது. முந்தின நாள் ராத்திரியே பிளக்கைச் சுற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். பிளக்குக்குச் சரியாகப் பொருந்தும் சாவியும் நீளமான கைப்பிடியும் இருக்கட்டும். அளவு தப்பிய சாவியைப் போட்டால் பிளக்கின் முனை மழுங்கி, வேலை இரண்டு மடங்காகிவிடும்.

மேல் பிளக் கழன்றதும் கீழே அகலமான தட்டு வைத்து வடியவிடுங்கள். அவசரப்படாதீர்கள், கடைசிச் சொட்டுவரை விடுங்கள். பிறகு அந்த ஆயிலைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்து, வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது இந்த வயதுக்குச் சகஜம். பிளக்கில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிடலாம். விரலில் நெருடும் சிலும்பு, தகடு, பல்லின் துணுக்கு வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகும்? ஆக்சில் மேல் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கும், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழி. அது சேறடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் வழியாக ஆயில் கசியும். சூடான ஆக்சில் தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சக்கரப் பக்கத்து சீல் போனால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. அதனால் ஆயில் மாற்றும் அன்றைக்கே பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், பின் சக்கரங்களின் உள்பக்கம் ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

கீழ் பிளக்கைப் புது வாஷருடன் மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பாட்டிலில் மாட்டும் சின்ன கைப்பம்பால் மேல் துளை வழியாக ஊற்றி, துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கெட்டியான ஆயில் உள்ளே பரவ நேரம் எடுக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, குறைந்திருந்தால் மறுபடி விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அதற்கு மேல் திணித்தால் நுரைத்து, சீலைத்தான் தள்ளும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கரையானுக்கென்று மரத்தில் பூசவும் வேண்டாம், மண்ணுக்கும் கிணற்றுக்கும் கேடு. கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்துவைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தச் சத்தம். ஆயில் குறைந்திருந்ததால் வந்த சத்தமென்றால் கொஞ்சம் அடங்கலாம். தேய்ந்த பல்லையும் பேரிங்கையும் புது ஆயில் சரிசெய்யாது. காலியான ரோட்டில் 60-இல் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதித்தால் ஒரு மாதிரியும் விட்டால் வேறு மாதிரியும் கேட்டால் கிரவுன்-பினியன் பக்கம் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தமாக இருந்து, வளைவில் திரும்பும்போது மட்டும் மாறினால் சக்கர பேரிங்காக இருக்கும். பினியன் பேரிங் என்றால் தாமதிக்காதீர்கள். அது ஆடத் தொடங்கினால் பற்கள் உட்காரும் இடம் மாறி, கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டிவரும். ஆயிலில் தகடு வந்து, சத்தமும் மிதிக்கும்போது கூடுகிறதென்றால் நீண்ட பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கிரவுனின் ஹவுசிங்கை (வெளிக்கூட்டை) பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வடித்த ஆயிலில் கொஞ்சத்தைப் பாட்டிலில் எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.