7, 8-ஆம் வகுப்புக்குப் பட்டறைப் பாடம் தொடங்க என்ன வாங்க வேண்டும், எதைச் செய்யச் சொல்ல வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: பள்ளியில் 7, 8-ஆம் வகுப்புக்குத் தொழில்நுட்ப அறிமுகமும் பட்டறைப் பயிற்சியும் புதிதாக வருகிறது. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிடம். வகுப்பில் 36 பேர். ஒரு காலி அறை இருக்கிறது, பணம் குறைவு. மின்கருவிகள் வாங்கலாமா? முதலில் எந்தப் பொருளைச் செய்ய வைப்பது?

முதல் ஆண்டில் மின்கருவி எதுவும் வேண்டாம். ஜிக்சாவுக்கும் டிரில் மெஷினுக்கும் ஒதுக்கிய பணத்தை நல்ல மூலமட்டத்திலும் (செங்கோணம் பார்க்கும் எல் வடிவக் கருவி, ட்ரை ஸ்கொயர்) கூரான ரம்பத்திலும் போடுங்கள். பட்டறையில் பிள்ளைகள் வீணாக்கும் மரம் வெட்டும்போது வீணாவதைவிடக் கோடு போடும்போதே வீணாவதுதான் அதிகம். அதனால் இந்தப் பாடத்தின் முதல் மூன்று வாரத்தை அளப்பதற்கும் குறிப்பதற்கும் கொடுங்கள் என்பதே என் பதில். மற்றதெல்லாம் அதன் மேல் நிற்பவை. அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கும் பள்ளியில் 3டி பிரிண்டர் இருந்தாலும் இதே வரிசைதான். 20 மி.மீ. துளைக்கும் 20 மி.மீ. குச்சிக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, கையால் ஒரு முறை பொருத்திப் பார்த்த பிள்ளைக்குத்தான் திரையில் புரியும்.

எதைச் செய்ய வைப்பது என்பதில் பழைய வழிகள் இரண்டு. மாஸ்கோவின் தொழில்நுட்பக் கல்லூரியில் விக்டர் டெல்லா-வோஸ் வகுத்த முறையில் மாணவர்கள் பொருள் செய்வதில்லை. ஒவ்வொரு இணைப்பையும் மாதிரித் துண்டாகச் செய்து பழகுவார்கள். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த மாதிரிகள் வைக்கப்பட்ட பிறகு அமெரிக்கப் பள்ளிகளும் அதை எடுத்துக்கொண்டன. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் நடத்திய பயிற்சிப் பள்ளியின் வழி வேறு. அங்கே முதல் வேலையே வீட்டில் பயன்படும் ஒரு பொருள்தான், எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவருக்கு முதல் வழி சரி. 12 வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட முடியாத மாதிரித் துண்டுக்காக அந்த வயதில் யாரும் இரண்டாவது முறை உப்புத்தாள் தேய்க்க மாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது சாவி மாட்டும் பலகை. நீளம் 200 மி.மீ., அகலம் 75 மி.மீ., கனம் 12 மி.மீ., நான்கு கொக்கி. இரண்டே வெட்டு, நான்கே துளை. ஆனால் அளவெடுப்பில் பிள்ளைகள் செய்யக்கூடிய தவறுகள் முக்கால்வாசி இதில் வந்துவிடும்.

மரக்கடையில் 3 அங்குல அகலம், அரை அங்குல கனத்தில் 6 அடிப் பலகையாகக் கேளுங்கள். இழைத்தே வாங்கிவிடுங்கள், அகலத்தைப் பிள்ளைகள் தொட வேண்டாம். 6 அடி என்பது சுமார் 1829 மி.மீ. தலா 220 மி.மீ. முரட்டுத் துண்டுகளாக நீங்களே முன்கூட்டி வெட்டினால் ஒரு பலகையில் 8 துண்டு வரும். 36 பேருக்கு 5 பலகை போதும், வெடிப்புக்கும் கணுவுக்கும் ஒன்று கூட்டி 6 வாங்குங்கள். கூடுதலாக விட்ட 20 மி.மீ. இரு முனையையும் பிள்ளைகளே சதுரமாக வெட்டுவதற்கு. பேக்கிங் பெட்டிப் பைன் மரமும் நல்லதுதான், மென்மையாக அறுபடும். ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, அது பிள்ளைகள் கைக்கு வேண்டாம். மர நாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையும் தவிர்த்துவிடுங்கள். தூள் மிக நுண்ணியது, நெஞ்சுக்குள் போகும், பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு.

36 பேரை 18, 18 ஆகப் பிரியுங்கள். ஒரு பாதி மேசையில் படம் வரைந்து அளவு குறிக்கும், மறுபாதி வெட்டும். 40 நிமிடத்தில் இடம் மாறுவார்கள். வெட்டும் 18 பேருக்கு 6 இடம், ஓர் இடத்துக்கு மூவர். ஒருவர் அறுப்பார், ஒருவர் துண்டைப் பிடித்துக் கோட்டைக் கவனிப்பார், ஒருவர் மூலமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். இந்தக் கணக்குக்கு வேண்டியவை: முதுகில் இரும்புப் பட்டை வைத்த 10 அல்லது 12 அங்குல ரம்பம் 6 (கடையில் டெனான் சா என்று கேளுங்கள்), 6 அங்குல மூலமட்டம் 6, 300 மி.மீ. இரும்பு ஸ்கேல் 12, 4 அங்குல சி கிளாம்ப் 6, கையால் சுற்றும் டிரில் 2, 2 மி.மீ. பிட் ஆறேழு (ஒடியும்), 200 கிராம் சுத்தியல் 3. உளியை முதல் பருவத்தில் அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

ரம்பம் வாங்கும்போது பல்லின் நுனி கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அது கடினப்படுத்திய பல், மழுங்கினால் அரம் போட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். சாதாரணப் பல்லானால் ஊர்த் தச்சரிடம் கொடுத்து அரம் போட்டு வாங்கலாம். மழுங்கிய ரம்பத்தைப் பிள்ளைகள் அழுத்தி ஓட்டுவார்கள், அழுத்தும்போதுதான் வழுக்கிக் கையில் ஏறும்.

தனியாகப் பெஞ்ச் வாங்கப் பணம் இல்லையென்றால் கனமான வகுப்பு டெஸ்க்கே போதும், மேலே வெட்டுப் பலகை இருந்தால். 250 × 150 மி.மீ. அளவில் 18 மி.மீ. பிளைவுட். முன் விளிம்பில் அடிப்பக்கம் ஒரு சட்டம், அது டெஸ்க் ஓரத்தில் மாட்டி நிற்கும். பின் விளிம்பில் மேல்பக்கம் ஒரு சட்டம், அதில் துண்டைச் சாய்த்துப் பிடிக்கலாம். சட்டம் 40 × 20 மி.மீ. கனம், 120 மி.மீ. நீளம். பலகையின் அகலத்தைவிட 30 மி.மீ. குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அந்த இடைவெளியில் ரம்பம் இறங்கும்போது பிளைவுட்டில்தான் படும், டெஸ்க் தப்பிக்கும். இடதுகைப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி மறுபக்கம் வர வேண்டும், இரண்டு பலகையாவது அப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

இனி அளப்பது. முதல் வாரம் ரம்பத்தை வெளியே எடுக்காமல், மூலமட்டங்களைப் பிள்ளைகளே சோதிக்கட்டும். நேர் விளிம்புள்ள பலகையில் மூலமட்டத்தின் கட்டையைச் சாய்த்து ஒரு கோடு. அதைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே 1 மி.மீ. விலகினால் உண்மைப் பிழை அதில் பாதி, அரை மி.மீ. கருவியையே சந்தேகப்படலாம் என்பது இந்த வயதுக்குப் புதுச் செய்தி, விடாமல் கற்றுக்கொடுங்கள். ஸ்கேலின் நுனி தேய்ந்திருந்தால் 10 மி.மீ. கோட்டிலிருந்து அளக்கச் சொல்வது வழக்கம். அப்போது 210-இல் குறிக்க வேண்டும். 200-இலேயே குறித்து 190 மி.மீ. துண்டு வெட்டுவது ஆண்டுதோறும் நடக்கும். பென்சில் முனை கூராக இருக்கட்டும், மொட்டைப் பென்சில் கோடே 1 மி.மீ. கனம்.

இரண்டாம் வாரம்: துண்டின் இரு நீள விளிம்பில் நேரானதைத் தேர்ந்து அதில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். மூலமட்டத்தின் கட்டை எப்போதும் அந்த விளிம்பில் மட்டுமே சாய வேண்டும். மாற்றி மாற்றி வைத்தால், விளிம்புகள் இணையாக இல்லாத பலகையில் கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேராது. "கோடு சேரல சார்" என்று ஒரு பிள்ளை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெட்டு ரம்பத்தின் கனத்துக்கு ஏற்ப 1, 1.5 மி.மீ. தின்னும். அதனால் கோட்டின் கழிவுப் பக்கத்தில் பெருக்கல் கோடுகள் போட்டு, ரம்பம் அந்தப் பக்கம்தான் இறங்க வேண்டும். ஆள்காட்டி விரல் ரம்பத்தின் பக்கவாட்டில் நீண்டிருந்தால் ரம்பம் திரும்பாது. முதலில் இரண்டு மூன்று முறை பின்னோக்கி மட்டும் இழுத்துப் பள்ளம் விழ வைத்து, பிறகு முழு நீளத்துக்கு ஓட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் நடுவில் உள்ள நான்கு விரற்கடையை மட்டும் ஆட்டுவார்கள், பல் அங்கே மட்டும் தேய்ந்து வெட்டும் கோணும். கடைசி ஐந்தாறு இழுப்பு மெதுவாக, துண்டுக்குத் தாங்கல் கொடுத்து. இல்லையென்றால் அடியில் நார் கிழியும்.

கொக்கிகளின் இடம் குறிப்பது தனி வகுப்பு. நான்கு கொக்கி என்றதும் 200-ஐ நாலால் வகுத்து 50, 100, 150, 200 என்று போடுவார்கள், கடைசிக் கொக்கி பலகையின் விளிம்பில் தொங்கும். செய்யவிடுங்கள், பென்சிலில்தானே. பிறகு இரு முனையிலும் 25 மி.மீ. விட்டால் மீதி 150, நான்கு கொக்கிக்கு நடுவே மூன்றே இடைவெளி, ஒவ்வொன்றும் 50 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 25, 75, 125, 175.

துளைக்கு முன் ஆணி நுனியால் ஒரு குழி, இல்லையென்றால் பிட் நழுவும். 2 மி.மீ. பிட்டில் நுனியிலிருந்து 9 மி.மீ. உயரத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், 12 மி.மீ. பலகை மறுபக்கம் துளையாது. துளை போடாமல் கொக்கியைத் திருகினால் மரம் நார் வழியே வெடிக்கும். பித்தளைக் கொக்கி இறுகி நின்றால் பலம் கொடுக்காமல் வெளியே எடுத்து, மரையில் சோப்பு தடவித் திரும்பப் போடச் சொல்லுங்கள். பலம் கொடுத்தால் கழுத்தில் ஒடியும், உள்ளே மாட்டிய துண்டை எடுப்பது பெரும்பாடு.

உப்புத்தாள் 80, 120, 180 எண்களில் தலா 9 தாள், ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்தால் 36 பேருக்குச் சரி. மரக்கட்டையில் சுற்றி, நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

இரண்டாம் பருவத்துக்கு ஒரு சிறு விளக்கு போதும். 1.5 வோல்ட் ஏ.ஏ. செல் இரண்டு, சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, பழுப்பு), ஒரு சுவிட்ச். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும், மீதி 1 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர். இதே சர்க்யூட்டில் யாராவது வெள்ளை எல்.இ.டி. போட்டால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது, ஏனென்றால் அதற்கே சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்று செல்லும் 150 ஓமும் கொடுத்தால் எரியும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்கு. சால்டரிங் வேண்டாம், திருகி இறுக்கும் கனெக்டரே போதும். ஒயரின் தோலைப் பல்லால் உரிக்கவிடாதீர்கள், 8 மி.மீ. உரித்து இழைகளை முறுக்கிச் சொருக வேண்டும். பழைய போன் பேட்டரி, பவர் பேங்க், 230 வோல்ட் பிளக் எதுவும் இந்த அறைக்குள் வரக்கூடாது.

வெட்டும் நாளில் சடை பின்னால் முடிந்திருக்க வேண்டும், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும், ரப்பர் செருப்பு கூடாது. டிரில் சுற்றுபவருக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி உண்டு, கையுறை கிடையாது, சுற்றும் பிட்டில் துணி மாட்டினால் விரலையும் இழுக்கும்.

சுவரில் ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்ட்டில் வரைந்து, அதன் மேலேயே ஆணியில் மாட்டுங்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பு எல்லாக் கருவியும் சுவருக்குத் திரும்ப வேண்டும். காலியாகத் தெரியும் உருவம் எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். அந்த ரம்பமோ ஸ்கேலோ மாட்டப்படும்வரை யாரும் அறையைவிட்டுப் போகக்கூடாது.