நாலு நாள் பிரான்ஸ் கிராமப் பயணம்: அந்த ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எதற்கெல்லாம் ஃபுல்?

கேள்வி: என் கணவர் வேலை விஷயமாக மே மாதம் பாரிஸ் போகிறார், நானும் கூடப் போகிறேன். 2026 மே 14 வியாழன் முதல் ஞாயிறு வரை அவருக்கு லீவு. இரண்டு பேருமாக கிராமப்பக்கம் நிதானமாகச் சுற்றிவிட்டு வர ஆசை. எங்கள் டிராவல் ஏஜென்ட் கடலோரத் தீவு மடமான மோன் சான் மிஷேல், லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள், வைனுக்குப் பேர்போன பர்கண்டி மூன்றையும் சேர்த்து செல்ஃப் டிரைவ் பேக்கேஜ் போட்டிருக்கிறார். இன்டர்நேஷனல் லைசென்ஸும் ஃபுல் இன்சூரன்ஸும் அவரே வாங்கித் தருவாராம், லைசென்ஸுக்கு மட்டும் 7,500 ரூபாய். வெளிநாட்டில் நாங்கள் வண்டி ஓட்டியதே இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் எவ்வளவு பணம் போகும் என்பதுதான் பயம். – கோவை வாசகி

பதில்: பயம் நியாயம்தான். ஆனால் பணம் போகிற இடம் நீங்கள் நினைக்கிற இடம் இல்லை. பெரிய விபத்தில் பணம் இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கவுன்டரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களையும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடினவர்களையும்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 7,500. நம் ஊரில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் கொடுப்பது ஆர்.டி.ஓ. அலுவலகம், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். மீதி 6,500 எதற்கு என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள், சங்கடப்படாமல் கேளுங்கள். ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கிற புரோக்கரிடம் கொடுத்து வாங்கித் தருகிறார் என்றால் வெறும் பண நஷ்டம், அதோடு போயிற்று. ஆனால் இணையத்தில் சில தனியார் தளங்கள் கலர் கலராக ஒரு அட்டையும் புத்தகமும் விற்கின்றன, மூன்று வருடம் ஐந்து வருடம் செல்லும் என்று வேறு போட்டிருப்பார்கள். அது பெர்மிட்டே இல்லை, அதிகபட்சம் ஒரு மொழிபெயர்ப்பு, அதுவும் யாரும் முத்திரை வைக்காத மொழிபெயர்ப்பு. பிரான்ஸில் நம் லைசென்ஸோடு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு அல்லது ஒழுங்கான சர்வதேச பெர்மிட் இருக்க வேண்டும். அந்த அட்டையை நம்பி ஓட்டி ஏதாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க நீங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. லைசென்ஸ் கார்டு கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கிற டிஜிலாக்கரைக் காட்டினால் அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகும் எதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே வேலை சுலபமாகிவிட்டால் வாசலில் நிற்பவர் எங்கே போவார்?

இப்போது ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. வாடகைக் காரில் அடிப்படை இன்சூரன்ஸ் ஏற்கெனவே சேர்ந்தே வரும், அடுத்தவருக்கு நேரும் சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். நம் வண்டிக்கே அடிபட்டால், முதலில் ஒரு தொகை உங்கள் கையிலிருந்து போகும், அதற்கு மேல் ஆவதைத்தான் கம்பெனி ஏற்கும். சின்ன காருக்கே இது பெரும்பாலும் ஆயிரம் யூரோவுக்கு மேல் இருக்கும். உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: சாதாரணமாக ஆபத்தில் இருப்பது அந்தத் தொகை. வண்டி எடுக்கும்போதே அதை உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள், சிராய்ப்பு இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், டெபிட் கார்டும் பல இடங்களில் அப்படித்தான். கிளம்பும் முன்பே கிரெடிட் கார்டில் வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து, லிமிட் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஏஜென்ட்கள் விற்கிற ‘ஃபுல்’ பெரும்பாலும் வாடகைக் கம்பெனியோடு சம்பந்தமில்லாத வேறொரு கம்பெனியின் பாலிசி. அது இருக்கிறது என்று கவுன்டரில் சொன்னால் அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, கார்டில் பிடிக்கிற பணத்தைப் பிடிக்கத்தான் செய்வார்கள். சேதம் என்றால் நீங்கள் முதலில் கட்டிவிட்டு, ரசீது, ஃபோட்டோ, ஒப்பந்தம் எல்லாவற்றையும் அனுப்பி, அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். பாலிசி மோசம் என்று சொல்லவில்லை, பல நேரம் கவுன்டரில் தள்ளிவிடுகிற கவரைவிட இது மலிவுதான். ஆனால் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, தவறான எரிபொருள் இதெல்லாம் அதில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாம் கவர் ஆகும் மேடம்’ என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் அது எழுத்து இல்லை. கார்டு மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ. ரூபாயில் காட்டுகிற கணக்கு வசதியாகத்தான் தெரியும், மாற்று விகிதத்தில் உங்களை வழித்துவிடுவார்கள்.

வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், வீல், பம்பரின் கீழ்ப்பக்கம், பெட்ரோல் முள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். வேலை நேரத்துக்குள் ஆளிடமே ஒப்படையுங்கள். சின்ன ஊர்களில் இந்த அலுவலகங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடும், சனி மதியத்துக்கு மேலும் ஞாயிறும் பல இடங்களில் ஆளே இருக்காது. சாவியைப் பெட்டியில் போட்டால் மறுபடி கடை திறக்கிற வரை வண்டி உங்கள் பொறுப்பு. இரவில் யாராவது இடித்துவிட்டுப் போனால் அதுவும் உங்கள் கணக்கில்தான். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு, ஊருக்கு வந்து சில வாரம் கழித்து, பார்த்தே இராத ஒரு கீறலுக்கு பில் வந்தது. வீடியோ இருந்ததால் தப்பித்தார்கள்.

ஏஜென்ட் போட்டுத் தந்த வழியில் இன்னொன்று இருக்கிறது, அதை அவர் சொல்லியிருக்க மாட்டார். பாரிஸிலிருந்து மோன் சான் மிஷேல் போக வழக்கமான பாதை ஏ13 நெடுஞ்சாலை. பிரான்ஸில் பெரும்பாலான டோல் சாலைகளில் கேட் இருக்கும், சீட்டு எடுப்பீர்கள், பணம் கட்டுவீர்கள், சிக்கல் இல்லை. ஏ13-இல் பாரிஸுக்கும் நார்மண்டியின் கான் நகருக்கும் நடுவே 2024-இல் கேட்டையே எடுத்துவிட்டார்கள். மேலே கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், நீங்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பீர்கள், ‘அடடா, இந்த ரோடு ஃப்ரீ போல’ என்று சந்தோஷம் வேறு. 72 மணி நேரத்துக்குள் நீங்களே அந்தச் சாலையை நடத்துகிற சானெஃப் கம்பெனியின் தளத்துக்குப் போய் நம்பரைப் போட்டுக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நோட்டீஸ் வாடகைக் கம்பெனிக்குப் போகும், அவர்கள் உங்கள் விலாசத்தை எடுத்துக் கொடுத்ததற்கே ஒரு கட்டணம் எடுப்பார்கள், அபராதம் தனி. வண்டியில் டோல் கருவி பொருத்தியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பொருத்தியிருக்கிறதா, அதற்கு நாள் வாடகை உண்டா என்று எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். டோல் பாக்கி என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அதிலிருக்கிற லிங்க்கைத் தொடாதீர்கள், அதை வைத்து ஏமாற்ற ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. சாலை போட்டவர்களுக்கு கேட் வைத்த செலவு மிச்சம், வெளிநாட்டுக்காரருக்கு தலைவலி. தெற்கே, லுவார் பக்கத்துத் தூர் நகருக்குப் போகிற ஏ10-இல் இன்னும் பழைய மாதிரி கேட்தான்.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். மூன்று பகுதியும் சேர்ந்தால் 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஊட்டி பார்த்துவிட்டு அப்படியே கன்னியாகுமரி, அங்கிருந்து திருப்பதி என்று நாலு நாளில் போகிறவரை நிதானமான பயணி என்று சொல்வீர்களா? அதுவும் அந்த வியாழன் இயேசு விண்ணேற்றப் பெருவிழா, அரசு விடுமுறை, நடுவில் வரும் வெள்ளிக்கும் லீவு போட்டுவிட்டு பாரிஸே ஊரைக் காலி செய்யும். போக்குவரத்து நெரிசலை முன்கூட்டிச் சொல்ல அரசே பிசோன் ஃபூத்தே என்று ஒரு சேவை நடத்துகிறது, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாளுக்கு நிறம் கொடுக்கும். சிவப்பு நாளில் முதன்முறையாக வலப்பக்கச் சாலையில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

லுவார் ஒன்றே போதும். வியாழன் காலை மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயில், தூர் நகரை ஒட்டிய சான் பியேர் தே கோர் நிலையம் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே மாறி லுவார் ஆற்றங்கரை ஊரான அம்புவாஸ். மூன்று இரவும் அங்கேயே தங்குங்கள். லியனார்டோ டா வின்சி 1519-இல் இறந்த க்ளோ லுசே வீடு அம்புவாஸ் கோட்டையிலிருந்து நடக்கிற தூரம். ஷெர் ஆற்றின் மேல் பாலம் மாதிரி நிற்கிற ஷெனோன்சோ அரண்மனைக்கு வாசலிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, தூர் நகரிலிருந்து அரை மணி நேரம், காரே வேண்டாம். ஆற்றோரம் சைக்கிள் பாதை உண்டு, வாடகைக்கும் கிடைக்கும், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. கார் வேண்டும் என்று கணவர் ஆசைப்பட்டால் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள், சான் பியேர் தே கோர் நிலையத்தில் எடுத்து, காய்கறிச் செடிகளையே கோலம் மாதிரி நட்டு வைத்திருக்கிற வில்லாந்த்ரி தோட்டம், வழியில் ஏதாவது ஒரு கிராமத்தில் சாப்பாடு, அவ்வளவுதான், சனி காலை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு 12-இலிருந்து 2 வரைதான், இரண்டரைக்குப் போனால் சமையற்கட்டு மூடியிருக்கும். அந்தப் பக்கத்து வூவ்ரே வைன் ருசி பார்க்கிற ஆசை இருந்தால் அதை சைக்கிள்கூட இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம்தான் வரம்பு, புது லைசென்ஸ்காரர் என்றால் அதுவும் கிடையாது. கிராமச் சாலைகளில் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகம், கேமரா உண்டு. பெட்ரோல் போடும்போது ‘கசோல்’ என்று எழுதியிருந்தால் அது டீசல்.

ஞாயிறு காலை அம்புவாஸ் ஆற்றங்கரையில் பெரிய சந்தை கூடும். நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சான்த் மோர் ஆட்டுப்பால் சீஸ் அங்கே கிடைக்கும், நீங்கள் கடும் சைவம் என்றால் பாலை உறைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனட் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அன்று மாலை பாரிஸ் திரும்புகிற டி.ஜி.வி. நிரம்பி வழியும், அதில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அந்த டிக்கெட்டை இப்போதே பிரெஞ்சு ரயில்வேயின் செயலியில் நேரடியாக வாங்கிவிடுங்கள். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், கார் புக்கிங் எந்தக் கம்பெனியில், யார் பெயரில், எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பதை அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும் வரை மீதித் தொகையை அனுப்பாதீர்கள்.