குடிமையியலும் வாசிப்பும்: ஆசிரியர்கள் கேட்கிறார்கள்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குக் குடிமையியல் பாடங்களைச் சொந்தமாக வடிவமைக்கும் ஆசிரியர்கள், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ‘உள்ளாட்சி அமைப்புகள்’ நடத்துகிறேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பாடநூலையே வாசிக்கத் திணறுகிறவர்களிடம் வேறு ஆவணங்களையும் கொடுக்கலாமா?
– சமூக அறிவியல் ஆசிரியை, அரூர்

கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் அவர்கள் ஊரைப் பற்றியதாக இருக்க வேண்டும். கிராம சபைக் கூட்ட அறிவிப்பு இதற்கு மிகவும் பொருத்தம். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். கூட்டப்பொருள்களில் ஆறேழை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தம் 120 சொற்களுக்கு மிகாமல் பெரிய எழுத்தில் அச்செடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். “ஏழாவது வரியைப் பாருங்க” என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டு பேருக்கு ஒரு தாள் என்பதே சரியான கணக்கு. ஆளுக்கொரு தாள் கொடுத்தால் தடுமாறும் பிள்ளை அதைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்துவிடும். ஐந்தாறு பேருக்கு ஒன்று என்றால் நன்றாக வாசிப்பவர் கையிலேயே தாள் தங்கிவிடும்.

முதலில் நீங்கள் வாசியுங்கள், விளக்கம் சொல்லாமல். பிறகு வரி வரியாக வகுப்பு முழுவதும் உங்களோடு சேர்ந்து சொல்லட்டும். அதன்பின் இணை வாசிப்பு: ஒருவர் ஒரு வரி, அடுத்தவர் அடுத்த வரி. மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரத்தை ஒரே ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு, ‘ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெறுதல்’ என்று ஒரு கூட்டப்பொருள் இருக்கும். கரும்பலகையில் எழுதி, ‘வைத்து’, ‘பெறுதல்’ இரண்டுக்கும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். வைப்பது யார்? தாளில் விடை இல்லை, எழுவாயே இல்லாத வாக்கியம் அது. பாடநூலைப் புரட்டினால் ஊராட்சித் தலைவர் கிடைப்பார். ஒப்புதலை யாரிடம் பெற வேண்டும்? கிராம சபையிடம். அதாவது, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அம்மா, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு அண்ணன் ஆகியோரிடம். நம் வீட்டு ஆட்களிடம் கேட்டுத்தான் கணக்கை முடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அதை முன்கூட்டியே நாமே சொல்லிவிட்டால் அப்புறம் தாளை வாசிக்க யாருக்கும் காரணம் இருக்காது. இந்தப் பாடம் படுத்துவிடுவதற்கு முதல் காரணம், ஆசிரியர் அவசரப்பட்டு விளக்கிவிடுவதுதான்.

மறுநாள் குறைவெண் வரம்பைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நம் ஊராட்சிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கூட்டத்தை நேரில் காட்ட விரும்பினால், கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டிலும் பள்ளியில் கொடியேற்றம். மே 1 கோடை விடுமுறை. மார்ச் 22 தேர்வு நெருக்கடி. அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும்தான் தோதானவை. பிள்ளைகள் பார்வையாளர்கள்; கை தூக்கவோ கையெழுத்துப் போடவோ கூடாது என்பதை முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப் பாடத்தில் மாணவர்களை மனு எழுத வைத்தேன். எல்லாரும் ‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?’ என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?
– பட்டதாரி ஆசிரியர், விருத்தாசலம்

அவர்கள் எழுதுவது புகார் மனு. அதற்கு இடம் வேறு: திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்க வேண்டியது, அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவை. ‘ஏன்’ என்று கேட்டால், காரணம் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை என்ற நிலையில், பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல.

ஆகவே வகுப்பில் ஒரு மாற்றுப் பயிற்சி கொடுங்கள். இடப்பக்கம் மாணவர் எழுதிய ‘ஏன்’ கேள்வி. வலப்பக்கம் அதையே பதிவுகளாக உடைத்து எழுதட்டும்: இந்தத் தெருச் சாலைக்கு 2023-24 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? பணி ஆணையின் நகல் தருக. ஒப்பந்தத்தின்படி பணி முடிய வேண்டிய தேதி என்ன? ஒவ்வொரு வரியிலும் இடம், காலம், ஆவணத்தின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பக்கத்து மாணவர் சரிபார்க்கட்டும். ‘கடந்த சில வருடங்களாக’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு நிதியாண்டைப் போடச் சொல்லுங்கள். ஒரு மனுவுக்கு மூன்று கேள்வி போதும்.

மனுவின் மற்ற பகுதிகள் எளிது. பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், அலுவலகத்தின் முழு முகவரி. பொருளில் சட்டத்தின் பெயரும் பிரிவு 6(1)உம். 10 ரூபாய் கட்டணத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. தகவல் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் அரைப்பக்கம் தன்னிலை விளக்கம் எழுதுவார்கள், அதை நீக்குங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும். பதில் வர வேண்டிய கெடு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள், அதன்பின் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். இந்தக் கெடுக்களை வகுப்பு நாட்காட்டியில் குறிக்க வைப்பது தனிப் பயிற்சியாகவே அமையும்.

வகுப்பில் எழுதுவது வரைவாகவே இருக்கட்டும். சட்டத்தில் வயது வரம்பு இல்லை என்றாலும், பிள்ளையின் பெயரும் வீட்டு முகவரியும் அலுவலகக் கோப்பில் ஏறுவது நல்லதல்ல. வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் தங்கள் பெயரில் அனுப்பட்டும்.

வகுப்பில் மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். பள்ளியில் அரசியல் எதற்கு என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.
– ஒரு தாய், தாம்பரம்

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. நல்ல மாதிரித் தேர்தலில் கட்சிப் பெயர், கொடி, சின்னம், தலைவர் படம் எதுவும் இருக்காது. ‘நூலக நேரம் காலையிலா, மதியமா’ என்பது போன்ற ஒரு கேள்வியின் மேல் வேட்பாளர்கள் ஆளுக்கு 100 சொல்லில் அறிக்கை எழுத வேண்டும், மற்றவர்கள் அதை வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும், மறைவாக வாக்களிக்க வேண்டும். வாசிப்பும் எழுத்தும் இல்லாமல் வெறும் பெட்டியும் மையும் மட்டும் இருந்திருந்தால், அந்தக் குறையைத் தாராளமாகப் பள்ளியில் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் தேர்தல் செய்திகளை மாணவர்கள் அப்படியே நம்புகிறார்கள். ஒரு பாடம் சொல்லுங்களேன்.
– தமிழாசிரியர், காரைக்குடி

2019 தேர்தலில் சுற்றிய ஒரு செய்தியையே பாடமாக்கலாம். ‘பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். ஒரு சாவடியில் அவை 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு’ என்பது அதன் சாரம். இதில் உண்மையும் பொய்யும் கலந்திருப்பதால் வகுப்புக்கு நல்ல தீனி.

செய்தியைத் தனித்தனி வாக்கியமாக வெட்டி, ஒரு குழுவுக்கு ஒன்று கொடுங்கள். பக்கத்திலேயே 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் சாரத்தை எளிய தமிழில் எழுதிவையுங்கள். பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்கு இல்லை. சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்த வாக்காளர்தானா என்று சாவடியில் இருக்கும் வேட்பாளரின் முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. வாக்காளர் கேட்டுப் பெறும் உரிமை அல்ல. டெண்டர் வாக்கு உண்மையிலேயே உண்டு, 49P என்ற விதியில். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

ஒவ்வொரு துண்டின் மேலும் சரி, தவறு, பாதி சரி என்று எழுதி, அதற்கு ஆதாரமான விதியின் வரி எண்ணையும் குறிக்க வேண்டும். வரி எண் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. இதில் கண்டிப்பாக இருங்கள். தளர்த்தினால் ஊகித்து டிக் அடித்துவிடுவார்கள்.

பிளஸ் டூ மாணவிக்கு 17 வயது. இப்போதே வாக்காளர் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாமா?
– முதுகலை ஆசிரியை, திண்டுக்கல்

விண்ணப்பிக்கலாம், படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தகுதி நாள்களில் எதில் 18 நிறைகிறதோ அதை ஒட்டிப் பெயர் சேரும். படிவத்தை வகுப்பிலேயே பென்சிலால் நிரப்பிப் பழக்குங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் ஆதாரில் ஒன்றாகவும் இருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும், திருத்தவும் நேரம் இருக்கும்.