முட்டைக் கணக்கு

வணக்கம் அண்ணா,

தாம்பரத்தைத் தாண்டித் தனி வீட்டில் இருக்கிறோம். பின்னால் கொஞ்சம் இடம், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. ஆறு மாதம் முன்பு அத்தை ஊரிலிருந்து வரும்போது நாலு நாட்டுக்கோழிகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். சேவல் இல்லை. விடியற்காலையில் கூவினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்த முட்டையைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து என் பெண் கடை முட்டையைத் தொடுவதில்லை. எனக்கும் சுவை வேறாகத்தான் தெரிகிறது. என் கணவர் "எல்லாம் மனப்பிரமை" என்கிறார். கூண்டு, வலை, தீவனம் எல்லாம் சேர்த்து ஒரு முட்டை 22 ரூபாய் ஆகிறது என்று எக்செல்லில் போட்டுக் காட்டினார். அத்தையோ, சேவல் சேராத முட்டையில் சத்தே கிடையாது என்கிறார். போதாக்குறைக்கு, அவித்தால் ஓடு உரிய மாட்டேன் என்கிறது. பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடுகிறது. இப்போது சாம்பல் நிறக் கோழி ஒன்று பத்து நாளாக முட்டையிடாமல் வெறுங்கூடையில் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் சீறுகிறது. இதில் யார் சொல்வது சரி? சாம்பலை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள தாம்பரத்துக்காரருக்கு,

உங்கள் கணவர் பாதி சரி. அத்தை சரியில்லை. உங்கள் பெண் முழுக்கச் சரி.

அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கோழி முட்டையிட சேவல் வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். சாப்பிடுகிறவருக்குக் கரு கூடிய முட்டையும் கூடாத முட்டையும் ஒன்றுதான். நாமக்கல் பண்ணைக் கோழிகள் ஆயுசில் ஒரு சேவலைப் பார்க்காமல்தான் முட்டையிடுகின்றன. சத்துணவில் பிள்ளைகள் சாப்பிடுவது அந்த முட்டையைத்தான். ஆனால் இதை அத்தையிடம் நேரே சொல்லிவிடாதீர்கள். கோழி கொடுத்தவர். அவரிடம் இன்னொரு வேலையும் ஆக வேண்டியிருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சத்து என்று பேச்சு வந்துவிட்டதால் ஒரு வாக்குமூலம். நானும் பல வருடம் நாட்டு முட்டையை லேகியம் விற்கிறவர் மாதிரி புகழ்ந்துகொண்டு திரிந்தவன்தான். இப்போது விட்டுவிட்டேன். 50 கிராம் முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், அது எந்தக் கோழி இட்டாலும். நம் கோழியின் முட்டை 40 கிராமைத் தாண்டினாலே பெரிது. அப்படிப் பார்த்தால் ஒரு முட்டைக்குக் கிடைக்கிற புரதம் நமக்குத்தான் குறைவு. வெயிலில் திரிந்து புல்லும் பூச்சியும் தின்ற கோழியின் முட்டையில் வைட்டமின் டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மஞ்சள்கரு ஆரஞ்சாக இருப்பதைக் காட்டி யாரையும் மடக்கப் பார்க்காதீர்கள். அந்த நிறம் கீரையிலிருந்தும் புல்லிலிருந்தும் வருகிறது, மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலந்தால் கூண்டுக்கோழியும் அதே நிறத்தில் தரும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையெல்லாம் நாட்டு முட்டை இல்லை. கூண்டில் வளர்ந்து பழுப்பு முட்டையிடுகிற இனங்களும் உண்டு.

அப்படியானால் சுவை எங்கிருந்து வருகிறது? அன்றன்றைக்கு இட்டதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதிலிருந்து. இதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓடு உரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அதுதான்.

புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. நாள் போகப் போக அந்த வாயு துளை வழியாக வெளியேறும். வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறும். கெட்டியாக இருந்தது இளகும். ஈரமும் கொஞ்சம் போவதால் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். பழைய முட்டை தண்ணீரில் மிதப்பது அதனால்தான். காரத்தன்மை ஏறிய முட்டைதான் அவித்தால் சுத்தமாக உரியும். புதிதாக இருந்தால் வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கடை முட்டை வழவழவென்று உரிகிறது என்றால் அது பண்ணையை விட்டுக் கிளம்பி, லாரி ஏறி, மொத்தக் கடையில் இறங்கி, அண்ணாச்சி கடைக்கு வந்து உட்கார்ந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல முட்டைதான், வயதான முட்டை.

கணவரை அடுக்களைக்குக் கூப்பிடுங்கள். இரண்டு தட்டு எடுத்து, ஒன்றில் கடை முட்டை, ஒன்றில் காலையில் இட்ட முட்டை உடைத்து ஊற்றுங்கள். கடை முட்டையின் வெள்ளை தண்ணீராக ஓடித் தட்டின் விளிம்பைத் தொடும். மஞ்சள் தட்டையாகக் கிடக்கும். உங்கள் முட்டையில் மஞ்சள் குமிழ் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றி வெள்ளையும் ஒரு மேடு கட்டி நிற்கும், அதைச் சுற்றித்தான் கொஞ்சம் தண்ணி. வெள்ளை லேசாகக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது வெளியேறாத வாயு. எக்செல்லில் இதற்கு ஒரு கட்டம் போட முடியுமா என்று கேளுங்கள்.

இதிலிருந்தே சமையலும் தெளிவாகிவிடும். ஓட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதிவையுங்கள். ஒரு வாரம் ஆனதை அவிக்க எடுங்கள், அதுவும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, எடுத்ததும் பச்சைத்தண்ணீரில் ஆறவிட்டு உரியுங்கள். இன்று இட்டது ஆஃப்பாயிலுக்கும் கலக்கிக்கும். கலக்கி எங்கள் கொங்குப் பக்கத்துப் பரோட்டாக் கடைச் சமாச்சாரம், சென்னையில் கிடைக்குமோ என்னவோ. முட்டையை உப்பு, மிளகுத்தூள், ஒரு கரண்டி சால்னாவோடு அடித்து, காய்ந்த கல்லில் ஊற்றி, ஓரம் வெந்ததும் நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே மடித்து, நடு வேகாமல் தளதளவென்று இருக்கும்போதே வாழையிலையில் தள்ளிவிட வேண்டும். கால் நிமிடம் தாமதித்தாலும் அது ஆம்லெட். பாதி வெந்ததைச் சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் கொடுக்காதீர்கள். வீட்டு முட்டை என்பதற்காகக் கிருமி அண்டாது என்று கிடையாது.

அப்புறம், முட்டையை எடுத்ததும் கழுவாதீர்கள். இட்ட நொடியில் முட்டை ஈரமாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு காய்ந்து மங்கும். துளைகளை அடைக்கிற மெல்லிய பூச்சு அது, கழுவினால் போய்விடும். எச்சம் பட்டிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். சமைக்கும் முன் வேண்டுமானால் கழுவிக்கொள்ளலாம்.

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) அந்த ஈரம் காய்ந்த சூட்டோடு முட்டையைக் கொண்டுவந்து என் மூடிய இமையின் மேல் வைத்து உருட்டுவார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். சூடான பொருள் எப்படிக் குளிர்ச்சி என்று கேட்கிற வயதில் நான் இல்லை. முட்டைக்கு அவ்வளவு சூடு இருக்கும் என்பது கூடை பக்கமே போகாதவர்களுக்குத் தெரியாது. கோழியின் உடம்புச் சூடு நம்முடையதைவிட நாலு டிகிரி அதிகம். பனிக்காலத்துக் காலையில் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டால் கீழே வைக்க மனம் வராது.

நேரத்தையும் கவனியுங்கள். ஒரு முட்டை உள்ளே உருவாக 25 மணி நேரம் போல ஆகும், அதில் ஓடு கட்டவே 20 மணி. அதனால் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதரைக்கு இடும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். மத்தியானத்தைத் தாண்டிப்போனால் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் ஆரம்பிக்கும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது பழகிவிடும். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தக் கொக்கரிப்பு காதில் விழும். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே "கறுப்பி" என்பார், போய்ப் பார்த்தால் கறுப்பிதான். ஒன்று இட்டுவிட்டு வந்து கத்த, இடாத மற்ற மூன்றும் கூடச் சேர்ந்து கத்துகிற நியாயம்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி கணவரின் 22 ரூபாய். கணக்கு தப்பில்லை. ஆனால் ஐந்தாறு வருடம் உழைக்கிற கூண்டையும் வலையையும் ஆறு மாத முட்டையின் தலையில் கட்டியிருக்கிறார். அதைப் பிரித்துப் போட்டால் இறங்கும். தீவனச் செலவையும் இறக்கலாம். உடைந்த பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, கொஞ்சம் ஓலை திணித்து, தண்ணீர் தெளித்து, செம்மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் திறந்தால் கரையான் பொங்கிக்கொண்டிருக்கும். கோழிகள் அதைத் தின்கிற வேகத்தைப் பார்க்க உங்கள் பெண்ணையும் எழுப்புங்கள். (வீட்டு நிலைப்படிக்கு எட்டத்தில் வையுங்கள்.) உடைத்த முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கிப் போட்டால் சுண்ணாம்புச்சத்து திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடும். எல்லாம் செய்தாலும் நாமக்கல் விலைக்கு வராது. அங்கே ஒரு கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நம் சிறுவிடை நாட்டுக்கோழி 60, 80 இட்டால் பெரிது. பத்துப் பன்னிரண்டு இடும், அடை உட்காரும், எழுந்திருக்கும், இறகு உதிர்க்கும், அப்புறம் மனசு வந்தால் மறுபடி. இதை அவரிடம் ஒத்துக்கொண்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டபின் பேச்சு சுலபமாகும்.

எனக்கு ஆன பெரிய நஷ்டம் எந்தக் கணக்கிலும் இல்லாதது. ஒரு மாசிக் கடைசியில் ஒன்பது கோழிகளில் ஏழு நாலே நாளில் போய்விட்டன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கழுத்து திருகிக்கொண்டது, இறக்கை தொங்கியது. வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பார்கள். ஊர்ப்பெயர்தான்; 1920-களின் கடைசியில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். தடுப்பூசியெல்லாம் பண்ணைக் கோழிக்குத்தான், நம்முடையது நாட்டுக்கோழி, தாங்கும் என்று இருந்துவிட்டேன். அது என் அகம்பாவம். ஏழாவது குழியை மூடிவிட்டு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. நீங்கள் இந்த வாரமே அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வருடத்தின் தொடக்கத்தில் இதற்கென்றே முகாமும் நடத்துவார்கள்.

கடைசியாகச் சாம்பல். அதற்கு நோய் ஒன்றும் இல்லை, அடைக்கு வந்திருக்கிறது. அடியில் முட்டை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அடை தெளிய வைக்கத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். அடியில் ஒன்றும் விரிக்காமல் காற்றோட்டமான கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் விட்டு, தீனியும் தண்ணியும் வைத்தால் தானாகத் தெளியும்.

ஆனால் நானாக இருந்தால் தெளியவைக்க மாட்டேன். இங்கேதான் அத்தை வருகிறார். ஊரில் சேவல் உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பதினொன்று வாங்கித் தவிட்டில் புதைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு நாள் அகன்ற முனை மேலே இருக்கும்படி அசையாமல் வையுங்கள். கூடையில் மணலும் அதன் மேல் வைக்கோலும் பரப்பி, இருட்டியபின் ஒவ்வொன்றாகக் கோழியின் அடியில் தள்ளுங்கள். கொத்தும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இடி விழுந்தால் கரு கலங்கும் என்று அத்தை ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் கூடையில் வைக்கச் சொல்வார். வையுங்கள், என்ன போயிற்று. 21 நாள். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரு முட்டையை எடுத்து, செல்போன் வெளிச்சத்தை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்தால், உள்ளே சிலந்தி மாதிரி சிவப்பு நரம்புகளும் நடுவில் அசைகிற ஒரு புள்ளியும் தெரியும். தெளிவாகவே இருந்தால் கரு கூடாதது, எடுத்துவிடுங்கள். முட்டையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். செல்போனைப் பிடிக்கக் கணவரைக் கூப்பிடுங்கள்.